கால்ரேகை மிஷின்

ஒரு எறும்புப் புற்றின் வாசலில் ராணி கால்ரேகை மிஷின் வைத்தாள். காலைப் பதித்தால்தான் கதவு திறக்கும். யார் எப்போது வந்தார்கள் என்பது ராணிக்கு உடனே தெரிந்துவிடும். முதல் வாரம் எல்லாருக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஒரு நாள் திடீரென்று மழை பிடித்துக்கொண்டது. வெயில் காட்ட முட்டைகளை வெளியே கொண்டுபோயிருந்த எறும்புகள், அவற்றைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தார்கள். முன்னால் நின்ற பவளம் காலை வைத்தாள்.

“ரேகை பதியவில்லை. ஈரத்தைத் துடைத்துவிட்டு மறுபடி வைக்கவும்” என்றது மிஷின்.

“கொட்டுற மழையில எதுல சார் துடைக்கிறது? கதவைத் திறங்க, முட்டை இருக்கு.”

“முட்டையின் கால்ரேகையையும் பதியவும்.”

“அதுக்கு இன்னும் காலே முளைக்கல சார்.”

“அப்படியானால் அனுமதி இல்லை. பின்னால் வரிசை நிற்கிறது, ஓரமாக நிற்கவும்.”

பவளம் திரும்பிப் பார்த்தாள். வரிசையில் நின்ற அத்தனை பேரிடமும் முட்டை இருந்தது. தண்ணீர் வாசற்படியைத் தொட்டுவிட்டது.

“இந்தப் புத்தைத் தோண்டினதே நாமதானே? வாங்கடி” என்றாள்.

கொஞ்சம் தள்ளி, மேட்டில், எல்லாரும் சேர்ந்து புதிதாக ஒரு வழி தோண்டினார்கள். ஒரு முட்டைகூட வெள்ளத்தில் போகவில்லை.

சாயங்காலம் மிஷினிடமிருந்து ராணிக்குத் தகவல் வந்தது: ‘இன்று யாரும் வேலைக்கு வரவில்லை.’

ராணி தன்னைச் சுற்றி அடுக்கியிருந்த முட்டைகளைப் பார்த்தாள். பிறகு பவளத்தைப் பார்த்தாள்.

“ஏண்டி, இன்னிக்கு நீ லீவா?”

“ஆமாம்மா” என்றாள் பவளம், கடைசி முட்டையைத் துடைத்தபடி.