பச்சைத் துணி

சைக்கிள்கள் இன்னும் கண்ணில் படவில்லை. அதற்குள் ஆசியா உம்மாளுக்கு நாக்கு வறண்டுவிட்டது.

சேரன்மகாதேவி ஆற்றுப்பாலம். பெண்கள் பந்தயத்தின் மூன்றாவது நாள், கடைசி நாள்.

இடது ஓரமாக நின்றால்தான் தெரியும் என்று தண்ணீர்ப் பந்தல் ஜெபராணி அவளை இழுத்து நிறுத்தியிருந்தாள். என்ன தெரியும் என்று கேட்டாள் ஆசியா உம்மாள்.

“பச்சத் துணி, அக்கா. ரெண்டு நாள் நேரத்தயும் கூட்டிப் பாத்து, முந்தி நிக்கவளுக்கு எடது கையில கட்டி வுடுதாவ. வெட்டப் போற கெடாய்க்கு மாலை போட்ட மாதிரிதான். மத்தவளுவ அவளத்தான் சுத்தி வளைப்பாளுவ.”

பந்தயம் நடத்தும் தாணுமாலையன் பழைய டிரில் மாஸ்டர். வெளிநாட்டில் சைக்கிள் பந்தயம் தொடங்கிய காலத்தில், தனிச் சட்டையெல்லாம் வருவதற்கு முன்பு, முதல் ஆளுக்குக் கைத்துணிதான் அடையாளம் என்று எங்கோ படித்திருந்தாராம். இங்கேயும் அதையே வைத்துவிட்டார்.

ஆசியா உம்மாள் சரிவைத் திரும்பிப் பார்த்தாள்.

விடிந்ததும் பத்தமடை வீட்டில், மகள் அர்ஷியாவின் இடது கையில் அவளும் ஒரு பச்சைத் துணி கட்டியிருந்தாள். தர்காவில் ஓதி வாங்கியது. உள்ளே நேர்ச்சைக் காசு.

போன வருடம் அவள் வீட்டுக்காரர் அலி அஸ்கர் இதே பாலத்துச் சரிவில் லாரியில் அடிபட்டு இறந்தார். அன்று அவர் கையில் அவள் எதையும் கட்டவில்லை.

அர்ஷியா சத்தியம் செய்திருந்தாள். பேர் கொடுத்தாயிற்று, அதனால் ஓட்டுகிறேன். கடைசி ஆளாகப் பையத்தான் வருவேன். நீ பாலத்துக்கு மட்டும் வர வேண்டாம்.

முழங்கையை ஒட்டிக் கட்டப் போனபோது கையை இழுத்துக்கொண்டாள்.

“இன்னுங் கொஞ்சம் மேல கட்டு, உம்மா.”

தோளோரமாக இறுக்கிக் கட்டினாள்.

இப்போது அந்தத் துணியைப் பார்த்து இவள்தான் முதல் ஆள் என்று நினைத்துவிட்டால்? பையப் போகிற பிள்ளையைச் சரிவில் நெருக்கிவிட்டால்?

விசில் கேட்டது.

ஏழெட்டு சைக்கிள்கள் உரசிக்கொள்வதுபோல் சரிவில் இறங்கின. நடுவில் அர்ஷியா. இரண்டு பக்கமும் அடைத்திருந்தார்கள்.

அதைக் கழற்றி எறி என்று கத்த வாயைத் திறந்தாள்.

அர்ஷியா குனிந்தாள். ஒரு சாண் இடைவெளியில் புகுந்து வெளியே வந்தாள். தனியாக, காற்றைப்போல, உம்மாவைக் கடந்து போனாள்.

தோளோரத்தில் காசு முடிந்த துணி அப்படியே இருந்தது.

அதற்குக் கீழே, முழங்கையை ஒட்டி, காலையில் அவள் கட்டவிடாத இடத்தில், இன்னொரு பச்சைத் துணி.