நிறைவேறிய தீர்மானம்

வரப்பு எலிகளுக்கெல்லாம் தலைவர் வேப்பமரத்து ஓணான். மழைக்கு முன்னால் தாழ்ந்த வாய்க்கால் கரையை உயர்த்துவதாகச் சொல்லி, வளைக்கு வளை நெல்லை வரியாக வாங்கியிருந்தார்.

கரையோரக் கடைசி வளையில் இருந்த கிழட்டு எலிக்கு நிம்மதியே இல்லை. உள்ளே கண் திறக்காத பேரக்குட்டிகள். வானம் கறுத்ததும் மரத்தடிக்கு ஓடியது.

"தலைவரே, கரை வேலை என்ன ஆச்சு?"

"போன கூட்டத்திலேயே நிறைவேறிவிட்டதே!" என்று ஓணான் தலையை ஆட்டினார்.

எலி போய்ப் பார்த்தது. கரையில் ஒரு கைப்பிடி மண்கூட விழவில்லை. மூச்சிரைக்கத் திரும்பி வந்தது.

"அங்கே ஒன்றுமே நிறைவேறவில்லையே, ஐயா?"

"கரை நிறைவேறியது என்று யாரய்யா சொன்னது? தீர்மானம் நிறைவேறியது."

"அப்படியென்றால் எங்கள் நெல்?"

"தீர்மானம் போட வந்தவர்கள் பட்டினியாகவா போவார்கள்?"

எலி பதில் சொல்வதற்குள் மழை கொட்டியது. கரை உடைந்து தண்ணீர் வளைக்குள் புகுந்தது. எலிகள் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு வேப்பமரத்து வேரில் ஏறி நின்றன.

ஓணான் மேல்கிளையிலிருந்து அவசரக் கூட்டத்தைத் தொடங்கினார். "உடைந்த கரையைக் கட்ட இன்னொரு வரி போடலாம் என்றிருக்கிறோம். ஆட்சேபம் இருப்பவர்கள் வாயைத் திறந்து சொல்லலாம்."

கிழட்டு எலிக்கு எத்தனையோ மழைக்காலத்து வயிற்றெரிச்சல் தொண்டைவரை வந்தது. வாயில் கடைசிக் குட்டி நெளிந்தது. காலடியில் தண்ணீர் சுழித்து ஓடியது. எலி பல்லை இன்னும் மெதுவாக, இன்னும் பத்திரமாக இறுக்கிக்கொண்டது.

"ஒருவருக்கும் ஆட்சேபம் இல்லை" என்று ஓணான் தலையை ஆட்டினார். "நிறைவேறியது."