இடப்பக்கம்

அவள் ரவிக்கையை அச்சு இயந்திரத்தின் பலகைமேல் போட்டுவிட்டு, அங்கேயே நின்றாள்.

அவன் அதைத் தொடவில்லை.

மற்றபடி அந்த வீட்டில் அவன் கைக்குத் தப்பிய பொருள் ஏது? மாவுச் சல்லடை, குக்கர் வளையம், வெங்காயச் சாக்கு எல்லாம் மை பூசிக்கொண்டு உருளைக்கு அடியில் போய், காகிதத்தில் படமாக வெளியே வந்திருக்கின்றன. பாதிச் சமையலில் சல்லடையைத் தேடிக்கொண்டு அவள் பட்டறைக்கு வந்து சத்தம் போட்டதும் உண்டு. சிகிச்சையின்போது அவள் தின்று தீர்த்த மாத்திரைகளின் காலி அட்டைகளைக்கூட அவன் விட்டுவைக்கவில்லை. கண்காட்சியில் அவற்றுக்குத்தான் நல்ல பேர்.

"முழுங்கினது நானு. பேரு மட்டும் உங்களுக்கு" என்று அன்றைக்குச் சிரித்தாள்.

ஆனால் இந்த ரவிக்கையை அவன் கேட்டதில்லை. கேட்க வாய் வந்திருக்காது.

இடது மார்பை எடுத்த பிறகு, அந்தப் பக்கத்துத் தையலைத் தானே பிரித்து, தட்டையாகத் தைத்துக்கொண்ட ரவிக்கை அது. அன்றிலிருந்து அவள் கதவைத் தாழிட்டுக்கொண்டுதான் உடை மாற்றுகிறாள். படுக்கையில் அவன் கை நீண்டால், மெல்ல எடுத்து ஓரமாக வைத்துவிடுவாள்.

அவனுக்கு அது வலித்தது. அவள் வலிக்கு முன்னால் இதை எங்கே போய்ச் சொல்வது?

"கொக்கி இருந்தா உருளை கெட்டுப்போயிடும்னு சொல்வீங்கல்ல. வெட்டி எடுத்துட்டேன்."

இனி அதை அவள் போடப்போவதில்லை என்று அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

மை தடவினான்.

முன்பக்கம் மேலே இருக்கும்படி நீவிவிட்டு, ஈரக் காகிதத்தை அதன்மேல் பரப்பினான். சக்கரத்தைச் சுற்றினான்.

காகிதத்தை உரித்துச் சுவரில் மாட்டினான்.

ஒரு பக்கம் துணி மடிப்பு மடிப்பாக விரிந்திருந்தது. மறுபக்கம் தட்டை. பிரித்த தையலின் ஊசித் துளைகள் மட்டும் வரிசையாகத் தெரிந்தன.

அவளை எதிரே வைத்தே பார்த்துப் பழகியவன் அவன்; தட்டைப் பக்கம் அவன் கண்ணுக்கு எப்போதும் வலப்புறம்தான். அச்சில் எல்லாம் இடவலம் மாறித்தான் விழும் என்று ஊருக்கெல்லாம் பாடம் நடத்துகிறவன், தன் வீட்டு ரவிக்கை என்றதும் அதை மறந்துபோனான்.

"பக்கம் மாறிடுச்சு, கோமளா. இரு, வேற மாதிரி எடுக்கறேன்."

அவள் படத்துக்கு நேர் எதிரே, கண்ணாடி முன் நிற்பதுபோல் போய் நின்றாள்.

காகிதத்தின் இடப்பக்கம் தட்டை. அவளுக்கும் இடப்பக்கம்.

வெகுநேரம் பார்த்தாள். முந்தானையை இழுத்து மூடிக்கொள்ளவில்லை.

"மாறல. நான் இப்படித்தான் இருக்கேன்."

பிறகு அவன் கையைப் பிடித்து, தன் மார்பின் அந்தப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டாள்.

"மை ஒட்டும்" என்றான்.

"ஒட்டட்டும்."