பின்கதவு வரை

எவ்வளவு தூரத்தில் சுடப் போகிறீர்கள் என்று துப்பாக்கிக் கடைக்காரர் கேட்டார்.

மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். மான் வேட்டைக்கு ஒரு குறிபார்க்கும் கண்ணாடி. மைதானத்தில் குறி பழக வேறொன்று. கடைக்காரரின் பெயர் டேல். சட்டையில் தைத்திருந்தது.

வீட்டுக்குள்தான் என்றான் அவள் கணவன். படுக்கையறையிலிருந்து பின்கதவு வரை.

அவள் மனதுக்குள் அந்தத் தூரத்தை நடந்தாள்.

குளியலறை. சமையலறை. நடுவில், சாத்தியே கிடக்கும் மகன் செழியனின் அறை.

டேல் நீளமான தொலைநோக்கிகளை எல்லாம் ஒதுக்கி வைத்தார். இந்தத் தூரத்துக்கு இவை வீண். சட்டைப் பொத்தான் தெரியும், ஆள் தெரியமாட்டான் என்று சொல்லிச் சிரித்தார்.

கணவன் சிரிக்கவில்லை.

டேல் தீப்பெட்டி அளவில் ஒன்றை எடுத்துத் துப்பாக்கியின் மேல் வைத்தார். உள்ளே ஒரு சிவப்புப் புள்ளி எரிந்தது. இரண்டு கண்ணையும் திறந்தே பார்க்கலாம் என்றார். ஒருமுறை சுட்டதும் அடுத்த குண்டு தானாக வந்து நிற்கும். விரலை மட்டும் மறுபடி அழுத்தினால் போதும்.

கணவன் துப்பாக்கியை வாங்கி, சுவரில் மாட்டியிருந்த மான் தலைக்குக் குறி வைத்தான். தோளில் அழுத்தினான். மூச்சை அடக்கினான்.

"பாரு புள்ள. புள்ளி எங்க நிக்குதோ அங்கதான் போவும்."

அவள் வாங்கிப் பார்க்கவில்லை.

"பயமா?"

"பயமெல்லாம் இல்லீங்க."

பயம் இல்லை. ஆத்திரம்.

நகைகளை அவள் அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்தாள். இந்த வெளிநாட்டு ஊரில் யாருக்கும் அங்கே தேடத் தோன்றாது.

திருட வந்தவன் பீரோவைத் திறக்கவில்லை. மெத்தையைப் புரட்டவில்லை. மேசைமேல் கிடந்த மடிக்கணினியைத் தொடவில்லை. நேராக அரிசிக்குள் கையை விட்டிருக்கிறான்.

எடுத்த பிறகு அரிசியைத் தட்டிச் சமமாக்கி, மூடியும் போட்டிருக்கிறான்.

அப்படித் தட்டி மூடச் சொல்லிக் கொடுத்தவள் அவள்தான். அப்போது அவன் டப்பாவின் உயரம்கூட இல்லை.

கண்ணெதிரே வந்து நின்றிருந்தால் அறைந்திருப்பாள். அறைந்துவிட்டுச் சோறு போட்டிருப்பாள்.

பின்கதவு உடைபடவில்லை. வேறு யாரிடமாவது சாவி இருக்கிறதா என்று போலீஸ் கேட்டது. இல்லை என்றான் கணவன். அவள் பக்கம் திரும்பாமலே.

போதை மாத்திரைப் பழக்கம் தெரியவந்த அன்று மகனைப் பனியில் வெளியே தள்ளியவனும் அவன்தான். சாவியைத் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டால் மகனுடன் பேச வேண்டியிருக்கும்.

"நம்மாளுங்க வூட்டுல தங்கம் இருக்கும்னு தெரிஞ்சுதான் வர்றானுக" என்று போனில் எல்லோரிடமும் சொன்னான். "ருசி கண்டுட்டானுக. திரும்ப வருவானுக. வரட்டும்."

வருவான் என்று அவளுக்கும் தெரியும். பூஜை அலமாரியில் வெள்ளிச் சாமான்கள் மீதமிருந்தன.

பெயரை மட்டும் இருவரும் சொல்லவில்லை.

தோளில் பதிக்கும் பின்கட்டையைக் கணவன் தேர்ந்தெடுத்தான். கைக்கு அடக்கமானது. தோள்வாரைத் தேர்ந்தெடுத்தான். பெண் பார்க்கப் போன இடத்தில்கூட இத்தனை கேள்வி கேட்காதவன். எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்தான், தட்டிப் பார்த்தான், விவரம் கேட்டான்.

டேல் சிவப்புப் புள்ளியைப் பொருத்தித் திருகாணிகளை முடுக்கினார். பிறகு கண்ணாடிப் பெட்டியிலிருந்து கட்டை விரல் பருமனில் ஒரு விளக்கை எடுத்து வைத்தார்.

வீட்டுக்கென்று வாங்குகிற எல்லோருக்கும் இதைச் சொல்கிறேன் என்றார். குழலுக்குப் பக்கத்தில் மாட்டிக்கொள்ளலாம். இருட்டில் நிற்பது யார் என்று முதலில் தெரிய வேண்டும்.

வேண்டாம் என்றான் கணவன்.

"போட்டுக்குங்க" என்றாள்.

"எதுக்கு?"

"சுடறதுக்கு முன்னால மூஞ்சியப் பாத்துக்கலாமில்லீங்க."

கணவன் அவளைப் பார்த்தான்.

யார் மூஞ்சி என்று அவன் கேட்கவில்லை.

"எந்த மூஞ்சியா இருந்தா என்ன?" குரலை உயர்த்தவில்லை. "வூடு பூந்தவன் திருடந்தான்."

டேலிடம் திரும்பினான். விளக்கு வேண்டாம் என்று மறுபடியும் சொன்னான். துப்பாக்கியின் மேல் கையை வைத்துக்கொண்டான்.

அவள் இதைத் தன் அக்காவிடம் சொல்லவில்லை. போலீசிடம் சொல்லவில்லை. கோயிலில் கூடச் சொல்லவில்லை. வீட்டு விஷயம்.

டேலைப் பார்த்துச் சொன்னாள். அவருடைய மொழியில், அவருக்குப் புரியும்படி, நிறுத்தி நிறுத்தி.

பின்கதவு வழியாக வரப்போவது எங்கள் மகன். இவருக்கும் தெரியும்.

"ஏய். வாய மூடு."

அவள் மூடவில்லை. பெயர் செழியன் என்றாள். பத்தொன்பது வயது. அவனிடம் சாவி இருக்கிறது.

கடையின் மறுகோடியில் யாரோ எதற்கோ சிரித்தார்கள்.

டேல் கணவனின் முகத்தைப் பார்த்தார். அவன் மறுக்கட்டும் என்று காத்திருப்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தார்.

கணவன் மான் தலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

டேல் அவன் கையை மெல்ல விலக்கினார். துப்பாக்கியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, முடுக்கிய திருகாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.