வருகிற சனிக்கிழமை மொய்

கானா நாட்டின் குமாசி நகரில் சாவுக்கு மொய் வைத்தால் மேசையிலேயே ரசீது எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அம்போன்சா இறுதிச்சடங்கு நிறுவனத்தில் அந்த மேசை அஃப்ராகோமாவுடையது.

திங்களன்று தலைமை இயக்குநர் அம்போன்சா அவள் முன் ரசீதுப் புத்தகத்தை வீசினார். வாசலில் இரண்டு போலீஸ்காரர்கள் நின்றார்கள்.

"எட்டாயிரம் சேடிக்கு ரசீது இருக்கு, பெட்டியில ஒத்தக் காசு இல்ல. எடுத்தேன்னு எழுதிக் கையெழுத்துப் போடு."

"பாக்காம எதுலயும் போட மாட்டேன், முதலாளி."

புரட்டினாள். எல்லாம் அவள் கையெழுத்துதான். எழுதிய நினைவுதான் இல்லை. தேதி, வருகிற சனிக்கிழமை. இறந்தவர் பெயரைப் படித்துவிட்டுப் புத்தகத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தாள்.

"இந்தப் பணம் இன்னும் வசூலாகல, முதலாளி."

அம்போன்சா தன் பெயரை இரண்டு முறை படித்தார். போலீஸ்காரர்களைப் போகச் சொன்னார். பிறகு மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யார் எவ்வளவு வைத்தார்கள் என்று பார்த்துக்கொண்டே வந்தார். வர்த்தகச் சங்கத் தலைவர் பெயரில் விரல் நின்றது.

"இருபது சேடியா! அவன் மாமியா சாவுக்கு நான் ஐந்நூறு வெச்சேன். ஊர் பாத்தா என்ன நெனைக்கும்? ஒரு சைபர் சேத்து எழுதிடும்மா."

"சேத்தா சனிக்கிழமை பெட்டியில பணம் குறையும், முதலாளி. நீங்கதான் எழுதச் சொன்னீங்கன்னு சொல்ல, நீங்க இருக்க மாட்டீங்களே."