இறக்கத்தில் நின்ற ஜீப்

“எஞ்சின் கொதிக்குது! யாரும் எந்திரிக்காதீங்க, ஓரமா நிப்பாட்டப் போறேன்!”

ஜெயராஜ் போட்ட சத்தத்தில் பேச்செல்லாம் அடங்கியது. பழைய ஜீப் முதல் கியரில் உறுமிக்கொண்டு, இடப்பக்கத்து மண்மேட்டில் உரசிக்கொண்டே போய், ஒரு சக்கரம் ரோட்டோர வடிகானுக்குள் இறங்கியதும் நின்றது. வலப்பக்கம் செங்குத்தான தேயிலைச் சரிவு. அதற்கும் கீழே, பனிமூட்டத்துக்குள் கண்டி.

“இப்ப மெதுவா எறங்குங்க. ஒவ்வொருத்தரா.”

நிஷாந்தினி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது மணிக்கு அவள் கோர்ட்டில் நிற்க வேண்டும். மகள் கஜனி தாயிடம் வளர்வதா தகப்பனிடம் வளர்வதா என்று இன்றைக்குத்தான் முடிவு. போன தவணை விசாரணையன்று நிஷாந்தினி காய்ச்சலோடு படுத்துவிட்டாள். “இந்தத் தடவையும் வரலேன்னா புள்ளைய மறந்துருங்க” என்று வக்கீல் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

ஜெயராஜ் குதித்திறங்கி, ஒரு பெரிய கல்லைப் புரட்டி வந்து சக்கரத்துக்கு முன்னால் தள்ளினான். அதற்குப் பிறகுதான் பொனட்டைத் தூக்கினான்.

அந்த ஜீப் கொதிப்பது ஹந்தானைத் தோட்டத்து ஜனங்களுக்குப் புதிதல்ல. பள்ளிக்கூடப் பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இறங்கினார்கள். உள்மூலையில் இருந்த ரத்தினம்மாவுக்குத்தான் முழங்கால் மடங்காது. இரண்டு பெண்கள் அவளைத் தாங்கிப் பிடித்து, கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார்கள்.

ஆனால் வழக்கமாகக் கொதிப்பது ஏற்றத்தில். இது இறக்கம். அதுவும் விறைக்கிற காலைக் குளிர். கண்டியில் வாகன உதிரிப்பாகக் கடையில் வேலை பார்க்கிற நிஷாந்தினிக்கு அது உறுத்தியது.

அவள் முன்பக்கம் வந்தபோது ஜெயராஜ் போனில் குசுகுசுத்துக்கொண்டிருந்தான். “ஆமா, அவங்க இங்கதான் நிக்கிறாங்க. சீக்கிரம்.” அவளைக் கண்டதும் போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான்.

யாரோடு பேசுகிறான்? ஜெயராஜ் வேறு யாருமில்லை, அவள் கணவன் ஜனார்த்தனனின் சித்தப்பா மகன்.

அவள் பொனட்டுக்குள் குனிந்தாள். ஃபேன் பெல்ட் இறுக்கமாக இருந்தது. ரேடியேட்டர் குழாயைத் தொட்டாள். பிடித்துக்கொண்டே நிற்கலாம், அவ்வளவுதான் சூடு. மூடியை மெல்லத் திருகினாள். ஆவி வரவில்லை. தண்ணீர் கழுத்துவரை நின்றது.

“தண்ணி நெறைய இருக்கு. பெல்ட் நல்லாருக்கு. ஒழுக்கு ஒண்ணும் இல்ல. எதுடா கொதிக்குது?”

“கொஞ்சம் பொறுங்க, அண்ணி.” அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. வண்டியின் பின்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“உங்க அண்ணன் சொல்லித்தானே நிப்பாட்டுன? நான் கோர்ட்டுக்குப் போயிறக் கூடாது, அதானே?”

அவன் மறுபடியும் ரத்தினம்மா இறங்குகிற பக்கம் திரும்பினான். அது அவளுக்குப் போதுமாக இருந்தது.

“எனக்கும் ஓட்டத் தெரியும். நானே கொண்டு போறேன்!”

சட்டென்று ஏறி சாரதி ஆசனத்தில் உட்கார்ந்தாள். சாவியில் கை வைத்தாள். ஜெயராஜ் பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தான். சாவியை உருவி, தேயிலைச் செடிகளுக்குள் வீசி எறிந்தான்.

“அடப்பாவி!”

அவளை அறியாமலே கை எழும்பி அவன் கன்னத்தில் விழுந்தது. பிள்ளைகளின் சிரிப்பு நின்றது.

அவன் கன்னத்தைக்கூடத் தடவவில்லை. “எறங்குங்க, அண்ணி. கெஞ்சிக் கேக்குறேன், எறங்குங்க.”

அந்தக் குரலில் இருந்த நடுக்கம் அவளை இறக்கியது. இனி நடந்துபோய் என்ன பிரயோசனம்? கஜனியின் முகம் கண்முன் வந்தது. ரோட்டோரத்தில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

ஒருவழியாக ரத்தினம்மாவின் கால் தரையைத் தொட்டது. “அம்மாடி” என்றபடி அவள் நாலடி நடந்து போனாள்.

அந்தக் கணமே ஜெயராஜ் நூல் அறுந்த பொம்மைபோலத் தரையில் உட்கார்ந்துவிட்டான். அவன் சட்டை முதுகோடு ஒட்டி நனைந்திருந்தது.

கீழ்வளைவில் ஒரு த்ரீவீல் ஆட்டோ ஹோன் அடித்துக்கொண்டு ஏறி வந்தது.

“உங்களுக்காகத்தான் வரச் சொன்னேன், அண்ணி. ஏறுங்க. நேரத்துக்குப் போயிறலாம்.”

நிஷாந்தினிக்கு ஒன்றும் புரியவில்லை. “அப்ப எதுக்குடா எஞ்சின் கொதிக்குதுன்னு பொய் சொன்ன?”

ஜெயராஜ் பிள்ளைகள் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான்.

“பிரேக் போயிருச்சுன்னு சொல்லியிருந்தா, எல்லாரும் பள்ளத்துல குதிச்சிருப்பாங்க, அண்ணி.”