ஈரம் ஏறிய இழை

முடியைப் போல மெல்லிய அந்தக் கண்ணாடி இழைக்குள் ஒன்றுமில்லை. அதுதான் அதன் பெருமை. அந்த வெறுமையில் அசிட்டிலீன் வாயுவை நிரப்பி ஒரு முனையில் லேசரைச் செலுத்தினால், மறுமுனையில் வேறோர் ஒளி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, வெளியே வர வேண்டும். ஹெப்சிபா அந்த மறுமுனையை, சாதாரண இழையைத் துடைக்கும் பழக்கத்தில், ஸ்பிரிட் பஞ்சால் துடைத்துவிட்டாள். நடுவில் ஓட்டை இருப்பது கைக்கு ஞாபகமில்லை. தாகமெடுத்ததுபோல் இழை ஸ்பிரிட்டை உறிஞ்சிக்கொண்டது. ஈரம் ஏறிய இடத்தைத் தாண்டி ஒளி போகாது.

ஆய்வகத்தில் இருந்ததே அந்த ஓர் இழைதான். அவள் அழவில்லை. நனைந்த நுனியை வெட்டினாள், திரும்பவும் வாயுவை நிரப்பினாள், லேசரைப் போட்டாள். கூட வேலை செய்யும் இர்பான் முனைக்கு எதிரே பஸ் டிக்கெட்டைப் பிடித்தான். சூடு பட்டால் கறுக்கும் தாள் அது. உள்ளே செலுத்திய லேசரை, முனைக்கு முன்னால் வைத்திருந்த ஒளிவடிகட்டிக் கண்ணாடி தடுத்துவிடும். ஆகவே தாள் கறுத்தால் அது புது ஒளியேதான். கறுக்கவில்லை. மறுபடி வெட்டினாள். மறுபடியும் இல்லை. மேஜையில் வளையம் வளையமாகக் கிடந்த இழை ஒற்றை வளையமாகிவிட்டது.

“இனிமே வெட்டாதீங்கக்கா. இதுக்கு மேல குட்டையானா உள்ள இருக்கற வாயு பத்தாம வெளிச்சமே பொறக்காது.”

“ஈரத்தோட நீளமா வெச்சு என்ன பண்ண? வெட்டத்தான் செய்வேன்.”

வெட்டினாள். இர்பான் டிக்கெட்டை நீட்டினான். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு லேசாகக் கருகிய வாடை. டிக்கெட்டில் ஊர்ப் பெயரின் நடுவே ஒரு கறுப்புப் புள்ளி பார்க்கப் பார்க்கப் பெரிதாகியது.

“அக்கா!” என்று கத்தினான்.

ஹெப்சிபா லேசரை அணைத்துவிட்டு, உள்ளங்கையை அவன் முன் நீட்டினாள்.

“இன்னொரு டிக்கெட் குடு.”